அயோத்தியாப்பட்டணம்: தெருவில் கேட்கும் 'டர்ர்ர்' சத்தத்துக்குப் பின்னால் ஒரு பெரிய கதை!

மழை விட்டும் விடாத கார்த்திகை மாதத்துச் சாயங்காலம். தெருக்கோடியில் 'டர்ர்ர்ர்ர்...' என்று ஒரு சத்தம். புல்லட்டும் இல்லை, டிராக்டரும் இல்லை. வீட்டுக்குள் இருக்கும் அம்மாக்கள் அவசரமாகச் சோற்றுப் பானையை மூடுவார்கள். பிள்ளைகள் வாசலுக்கு ஓடுவார்கள். அடுத்த நிமிடம் தெருவே வெள்ளைப் புகையில் மூழ்கிவிடும். கொசு மருந்து அடிக்க ஆள் வந்தாயிற்று!

தமிழ்நாட்டில் இந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. ஆனால், அந்தப் பணியாளரின் தோளில் தொங்கும் நீளக் குழாய்க்குள் என்ன ஓடுகிறது என்று கேட்டால், பெரும்பாலோர் 'ஏதோ பெட்ரோல் மோட்டார்' என்பார்கள். அது மோட்டார் அல்ல. பிஸ்டன் கிடையாது, சுற்றும் சக்கரம் கிடையாது, விசிறியும் கிடையாது. அது ஒரு ஜெட் இன்ஜின். பெயர் பல்ஸ்ஜெட். தமிழில் சொன்னால், துடிக்கும் ஜெட்.

இதே இன்ஜினைச் சொந்தமாகச் செய்து ஓட்டிப் பார்ப்பதை ஒரு பொழுதுபோக்காகவே வைத்திருப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். யூடியூபில் தேடினால், சிவக்கச் சிவக்கக் காய்ந்து அலறும் குழாய்கள் வரிசையாக வந்து நிற்கும். அந்த வீடியோக்களைச் சேலத்துப் பிள்ளைகளும் பார்க்கிறார்கள். அதனால்தான் இந்த இன்ஜினின் கதையை அயோத்தியாப்பட்டணத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

ஆகாய வழியில் வந்தவர் இறங்கிய ஊர்

சேலத்திலிருந்து கிழக்கே, உளுந்தூர்பேட்டை சாலையில் சுமார் 10 கி.மீ. போனால் அயோத்தியாப்பட்டணம். அரூர் பக்கம் போகிறவர்கள் இங்கேதான் திரும்புவார்கள். குப்பனூர் வழியாக ஏற்காடு ஏறுகிறவர்களும் இந்தப் பக்கமாகத்தான் வருவார்கள். விருத்தாசலம் போகும் ரயில் பாதையில் ஊருக்கென்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. வடக்கே பார்த்தால் சேர்வராயன் மலை. மழை முடிந்த காலையில் மலையின் பாதி உடம்பு மேகத்துக்குள் இருக்கும்.

ஊருக்குப் பெயர் தந்தது கோதண்டராமர் கோயில். இலங்கையில் போர் முடிந்து சீதையோடு அயோத்திக்குத் திரும்பும் வழியில் ராமர் இங்கே தங்கினார், முடிசூட்டும் நேரம் நெருங்கிவிட்டதால் இங்கேயே பட்டாபிஷேகக் கோலம் காட்டினார் என்பது தல புராணம். கோயிலுக்குள் நுழைந்தால் சிற்பங்கள் செதுக்கிய கல் தூண்கள் கண்ணை இழுக்கும். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தால் மேற்கூரையில் பழைய ஓவியங்கள்.

ராமாயணத்தில் அந்தத் திரும்பும் பயணம் நடந்தது புஷ்பக விமானத்தில். ஆக, ஆகாயப் பயணத்தின் நடுவே ஒருவர் இறங்கி இளைப்பாறிய ஊர் இது என்பதுதான் இந்த ஊர்ப் பெயருக்குள் இருக்கும் கதை. எரிபொருள் இல்லாமல், சத்தம் இல்லாமல், நினைத்த இடத்துக்குப் போகும் விமானம் அது. மனிதன் செய்த விமானங்களுக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. நெருப்பு வேண்டும், சத்தத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

திருவிழாக் கடையில் ஒரு குட்டி ஜெட்

பல்ஸ்ஜெட்டின் பால பாடம் நம் ஊர்த் திருவிழாக் கடைகளிலேயே இருக்கிறது. பலூன், ஊதல், பொம்மைத் துப்பாக்கிக்கு நடுவே தண்ணீர்ப் பேசினில் 'டப டப டப'வென்று வட்டமடிக்கும் தகரப் படகு நினைவிருக்கிறதா? எண்ணெயில் நனைத்த திரி, அல்லது ஒரு துண்டு மெழுகுவத்தி. அதுதான் அதன் மொத்த எரிபொருள்.

படகுக்குள் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு தகரக் கொப்பரை. அதிலிருந்து பின்பக்கம் தண்ணீருக்குள் இறங்கும் மெல்லிய குழாய்கள். கொப்பரைக்குள் இருக்கும் தண்ணீர் கொதித்து ஆவியாகும். ஆவி, குழாயில் இருக்கும் தண்ணீரைப் பின்னால் தள்ளும். தள்ளிய வேகத்தில் ஆவி குழாயின் குளிர்ந்த பகுதிக்கு வந்து, மறுபடி நீராகச் சுருங்கும். உள்ளே அழுத்தம் குறையும். வெளியே இருக்கும் தண்ணீர் உள்ளே ஓடிவரும். மறுபடி கொதிக்கும். இப்படி நொடிக்குப் பல தடவை. 'டப டப' என்பது கொப்பரையின் மேல் தகடு புடைத்து அமுங்கும் சத்தம்.

இங்கே ஒரு நல்ல சந்தேகம் வரும். எவ்வளவு தண்ணீரை வெளியே தள்ளுகிறதோ, அவ்வளவு தண்ணீரைத் திரும்ப உள்ளே இழுக்கிறது. அப்படியானால் படகு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு ஒரே இடத்தில்தானே நிற்க வேண்டும்?

பதிலை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். ஒரு மெழுகுவத்தியை ஏற்றி, கை நீட்டும் தூரத்தில் வையுங்கள். ஊதினால் அணைந்துவிடும். அதே தூரத்தில் வைத்து, காற்றை உறிஞ்சி அணைக்கப் பாருங்கள். முடியாது! ஊதும்போது காற்று ஒரே திசையில் ஈட்டி மாதிரி போகிறது. உறிஞ்சும்போது எல்லாப் பக்கத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. தகரப் படகு ஈட்டி மாதிரி நீரைத் தள்ளி, நாலாபுறமிருந்தும் நீரை இழுக்கிறது. மிச்சப்படும் உந்துதல்தான் படகை நகர்த்துகிறது.

தாமஸ் பியோ என்பவர் இந்த யோசனைக்கு 1891-ல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். நூற்று முப்பது வருடங்களுக்கு மேலாகியும் பொம்மைக்கு மவுசு குறையவில்லை. மியாசாகியின் 'போன்யோ' அனிமேஷன் படத்தில் ஒரு சிறுவன் கடலைக் கடப்பதே இந்தப் படகில்தான்.

தண்ணீருக்குப் பதில் நெருப்பு

தகரப் படகில் ஆவி செய்யும் வேலையை, பல்ஸ்ஜெட்டில் நேரடியாக நெருப்பு செய்கிறது. ஒரு பக்கம் பருத்து, மறு பக்கம் நீண்டு ஒடுங்கிய குழாயைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பருத்த பகுதிக்குள் காற்றும் எரிபொருளும் கலந்து போகின்றன. முதல் தடவை மட்டும் ஒரு ஸ்பார்க் பிளக் பற்ற வைக்கும். டப்! எரிந்த வாயு நீளக் குழாய் வழியாகப் பின்னால் பாயும். பாய்கிற வேகத்தில் தேவைக்கு அதிகமாகவே வெளியேறிவிடும். ஊஞ்சல் நடுவில் நிற்காமல் அந்தப் பக்கம் போகிற மாதிரி. உள்ளே அழுத்தம் குறைந்ததும் முன்பக்கத்திலிருந்து புதுக் காற்று நுழையும். பின்குழாயில் மிச்சமிருக்கும் சூடான வாயுவும் கொஞ்சம் திரும்பி வரும். அந்தச் சூட்டிலேயே அடுத்த கலவை பற்றிக்கொள்ளும். ஸ்பார்க் பிளக்கை அணைத்துவிடலாம். பெட்ரோல் இருக்கும் வரை குழாய் தானாகத் துடிக்கும்.

நொடிக்கு எத்தனை துடிப்பு? அதை முடிவு செய்வது பெரும்பாலும் குழாயின் நீளம். நாதஸ்வரக் கலைஞர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நீளம் குறைந்த திமிரி நாயனத்தில் சுருதி ஏறும்; நீளமான பாரி நாயனத்தில் சுருதி இறங்கும். பல்ஸ்ஜெட்டும் அப்படித்தான். மூன்றரை மீட்டர் நீளமிருந்தால் நொடிக்கு நாற்பது, ஐம்பது துடிப்பு. ஒரு மீட்டர் என்றால் நூறைத் தாண்டும். சொல்லப்போனால் இது நெருப்பு வாசிக்கும் நாயனம்.

கொசு மருந்து மெஷினில் இந்தத் துடிப்பு நொடிக்கு ஏறத்தாழ 80 முதல் 100 தடவை. பணியாளர் முதலில் கை பம்பை நாலைந்து தடவை அழுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே காற்றையும் பெட்ரோலையும் அனுப்பி, முதல் 'டப்'புக்கு ஏற்பாடு செய்கிறார். துடிப்பு பிடித்துக்கொண்டதும், குழாயின் கடைசியில் டீசல் கலந்த மருந்து சொட்டுச் சொட்டாகச் சேரும். சூட்டில் ஆவியாகி, வெளிக்காற்று பட்டதும் நுண்ணிய துளிகளாக மாறும். நாம் புகை என்று நினைப்பது உண்மையில் புகை அல்ல, மருந்துப் பனி.

சத்தம் நின்றால் சாவு

இந்த எளிய குழாய்க்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில் பால் ஷ்மிட் என்ற பொறியாளர் 1930-களில் இதை ஆராய்ந்துகொண்டிருந்தார். பெர்லினின் ஆர்கஸ் நிறுவனமும் இதே வழியில் இறங்கியது. இரண்டாம் உலகப் போரில் அதிலிருந்து பிறந்தது ஆர்கஸ் 014 இன்ஜின். அதை முதுகில் சுமந்து பறந்தது வி-1 என்ற ஆளில்லாப் பறக்கும் குண்டு.

1944 ஜூன் 13 அதிகாலை, முதல் வி-1 லண்டன் நகரில் விழுந்தது. சுமார் 850 கிலோ வெடிமருந்து, மணிக்கு 600 கி.மீ.க்கு மேல் வேகம். நொடிக்கு 45 தடவைக்குமேல் துடிக்கும் அதன் சத்தத்தைக் கேட்டு, லண்டன் மக்கள் அதற்கு 'ரீங்காரக் குண்டு' என்று பெயர் வைத்தார்கள். அந்தச் சத்தம் தலைக்குமேல் கடந்துபோனால் நிம்மதி. சட்டென்று நின்றுவிட்டால்தான் பயம். குண்டு கீழ்நோக்கிச் சாயும்போது எரிபொருள் போவது தடைபட்டு இன்ஜின் அணைந்துவிடும். அப்புறம் சில நொடி அமைதி. பிறகு இடி. பிரிட்டனில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் வி-1 குண்டுகளால் இறந்தார்கள்.

ஜெர்மனி இந்த இன்ஜினைத் தேர்ந்தெடுக்கக் காரணம், இது நல்ல இன்ஜின் என்பதல்ல. மலிவான இன்ஜின் என்பதுதான். தகடு, வெல்டிங், சாதாரண பெட்ரோல் போதும். காற்று நுழையும் இடத்திலிருந்த மெல்லிய வால்வுத் தகடுகள் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. ஒரே ஒரு தடவை பறக்கிற பொருளுக்கு அது போதும் என்று விட்டுவிட்டார்கள்.

போர் முடிந்ததும் அதே துடிப்பு வேறு வேலைகளுக்குப் போனது. வீட்டைச் சூடேற்றும் அடுப்பாக அமெரிக்காவில் 1980-களில் விற்பனைக்கு வந்தது. தோட்டத்திலும் தெருவிலும் மருந்து அடிக்கும் மெஷினாக உலகம் சுற்றியது. கொல்ல வந்த இன்ஜின், கொசுவைக் கொல்லும் வேலைக்கு வந்து சேர்ந்தது.

வட்டமடித்த பொம்மை விமானங்கள்

பொழுதுபோக்கின் கதையும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. 1940-களில் அமெரிக்காவில் 'டைனாஜெட்' என்று ஒரு குட்டி பல்ஸ்ஜெட் விற்பனைக்கு வந்தது. நீளம் அரை மீட்டரைவிடக் கொஞ்சம் அதிகம். எடை அரைக் கிலோவுக்குள். ஆனால் அதன் உந்துவிசை இரண்டு கிலோவை ஒட்டி இருந்தது. தன் எடையைப் போல நான்கு மடங்கு! இதைப் பொம்மை விமானத்தில் பொருத்தி, கம்பி கட்டி, நடுவில் ஒருவர் நின்றுகொண்டு வட்டமாகப் பறக்க விடுவார்கள். மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டிப் பறந்த பொம்மைகள் உண்டு.

அடுத்த பெரிய திருப்பம், வால்வே இல்லாத பல்ஸ்ஜெட். பிரான்சின் ஸ்னெக்மா நிறுவனமும், அமெரிக்காவின் ஹில்லர் நிறுவனத்தில் ரேமண்ட் லாக்வுட் என்ற பொறியாளரும் இதில் முக்கியமானவர்கள். லாக்வுட்டின் இன்ஜின் பார்க்க ஒரு பெரிய கொண்டை ஊசி மாதிரி இருக்கும். காற்று நுழையும் வாயும், வாயு வெளியேறும் வாயும் ஒரே திசையைப் பார்த்திருக்கும். எந்த வாய் வழியாக வெளியே வந்தாலும் உந்துதல் ஒரே பக்கம்தான். அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை. தேய்வதற்கும் எதுவும் இல்லை.

வீட்டுப் பட்டறையில் செய்து பார்க்கிறவர்களுக்கு இந்த ரகம்தான் பிடித்தமானது. தகட்டைக் கூம்பாகச் சுருட்டுவது, தைத்த மாதிரி வெல்டிங் வைப்பது, எரிபொருள் நுழையும் இடத்தை மாற்றி மாற்றிப் பார்ப்பது என்று மாதக்கணக்கில் போகும். பத்து தடவை இருமும், பதினோராவது தடவை பிடித்துக்கொள்ளும் என்பது அவர்கள் அனுபவம். பிளம்பராக இருந்து யூடியூப் நட்சத்திரமான பிரிட்டனின் காலின் ஃபர்ஸ், இதை சைக்கிளில் கட்டி ஓட்டிக் காட்டினார். நியூசிலாந்தின் புரூஸ் சிம்ப்சன் 2003-ல் தன் பட்டறையிலேயே மலிவான ஏவுகணை செய்துகாட்ட முடியும் என்று அறிவிக்க, அது உலகச் செய்தியானது. விளையாட்டுக்கும் வினைக்கும் நடுவே எவ்வளவு மெல்லிய கோடு இருக்கிறது என்று அன்று பலருக்குப் புரிந்தது.

இரும்பு மண்ணும் சிவப்பு சிலிண்டரும்

இப்போது மறுபடி சேலத்துச் சமவெளிக்கு வருவோம். பல்ஸ்ஜெட் செய்யத் தேவையானது தகடு, வெல்டிங், எரிவாயு. இந்த மூன்றும் இந்த மண்ணில் மிக எளிதாகக் கிடைக்கும்.

கஞ்சமலையின் இரும்புத் தாது இந்தப் பகுதியின் பழைய சொத்து. கிழக்கிந்திய கம்பெனியில் வேலை பார்த்த ஜோசையா மார்ஷல் ஹீத், 1830-களில் சேலத்துத் தாதுவை நம்பித்தான் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை நடத்தினார். அதே கஞ்சமலை அடிவாரத்தில் 1981-ல் சேலம் உருக்காலை ஓடத் தொடங்கியது. அதன் துருப்பிடிக்காத எஃகுத் தகடு நாடு முழுக்கப் போகிறது. தெற்கே நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகள், சமையல் எரிவாயு டேங்கர் லாரிகள். திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டிகள். ஆர்கான் வெல்டிங் தெரிந்தவர், லேத் ஓட்டுகிறவர், ஷீட்டை உருட்டத் தெரிந்தவர் என்று கைத்தொழில்காரர்களுக்குப் பஞ்சமே இல்லாத ஊர்கள் இவை.

அதனால்தான் கவனம் தேவைப்படுகிறது. பத்தாம் வகுப்புப் பையன் கையில் போன் இருக்கிறது. அதில் வீடியோ இருக்கிறது. தெருமுனையில் வெல்டிங் பட்டறை. அடுப்படியில் சிவப்பு சிலிண்டர். 'ஒரு குழாய்தானே, நாமே செய்துவிடலாமே' என்று அவனுக்குத் தோன்றினால் அது தப்பில்லை. அந்த ஆசைதான் நாளைக்கு அவனைப் பொறியாளராக்கும். ஆனால் வீடியோவில் தெரியாத மூன்று விஷயங்களை யாராவது அவனுக்குச் சொல்ல வேண்டும்.

முதலாவது, சத்தம். போன் ஸ்பீக்கர் எவ்வளவு கத்தினாலும் அந்தச் சத்தத்தில் ஒரு துளியைக்கூடக் காட்ட முடியாது. பக்கத்தில் நின்றால் 120 டெசிபலுக்கும் மேல் போகும். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல்தான் சட்டம் வைத்திருக்கும் அளவு. டெசிபல் கணக்கில் ஒவ்வொரு பத்துக்கும் சத்தத்தின் ஆற்றல் பத்து மடங்காகும். ஆக, 55-க்கும் 120-க்கும் நடுவே பத்து லட்சம் மடங்குக்கும் அதிக வித்தியாசம்! திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் சத்தம் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டர் தூரத்தில் 120 இருக்கும் இன்ஜின் 55-க்கு இறங்க ஏறத்தாழ 1,800 மீட்டர் தள்ளிப் போக வேண்டும். அயோத்தியாப்பட்டணத்தில் எந்தத் திசையில் அவ்வளவு தூரம் போனாலும் இன்னொரு ஊர் வந்துவிடும்.

இரண்டாவது, சூடு. ஓடும்போது குழாய் சிவந்து ஒளிரும். அந்தச் சூட்டில் எஃகின் பலம் குறையும். வெல்டிங்கில் ஒரு மயிரிழை ஓட்டை இருந்தால் தீ அந்த வழியாக வரும். மூடிய அறையில் ஓட்டினால் கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனையும் கிடையாது.

மூன்றாவது, சிலிண்டர். வீட்டுக்குக் கொடுத்த சிலிண்டரைச் சமையல் தவிர வேறெதற்கும் எடுப்பது சட்டப்படி குற்றம். சட்டத்தைவிடப் பெரிய காரணமும் இருக்கிறது. பற்றாமல் போன ஒவ்வொரு முயற்சியிலும் வாயு வெளியேறித் தரையோடு தேங்கி நிற்கும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. அடுத்த பொறி குழாய்க்குள் மட்டும் பற்றும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

அப்படியானால் ஆசையை என்ன செய்வது? 'போய்ப் படிக்கிற வேலையைப் பாருடா' என்று அதட்டி அணைத்துவிடக் கூடாது. தகரப் படகில் தொடங்கச் சொல்லலாம். பெரியவர்கள் பக்கத்தில் இருக்க, ஒரு குழாயா இரண்டு குழாயா, நீளமா குட்டையா என்று மாற்றி மாற்றிப் பார்க்கலாம். பல்ஸ்ஜெட்டின் பாதி அறிவியல் அந்தத் தண்ணீர்ப் பேசினிலேயே கிடைத்துவிடும். மீதிப் பாதிக்குக் கல்லூரி இருக்கிறது. ஏரோநாட்டிக்கல் மாணவர்கள் இறுதியாண்டு புராஜெக்டாக வால்வில்லாத பல்ஸ்ஜெட் செய்வது நம் நாட்டில் புதிதல்ல. அங்கே தடித்த சுவர் இருக்கும், தீயணைப்பான் இருக்கும், தூரத்திலிருந்தே வாயுவை மூட வால்வு இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, தெரிந்த ஆசிரியர் ஒருவர் இருப்பார்.

அந்தப் பாதை எங்கே வரை போகும் தெரியுமா? நெருப்பும் சத்தமும் ஒன்றையொன்று தூண்டிவிட்டுத் துடிக்கும் இந்த விஷயம், ராக்கெட் பொறியாளர்களுக்குத் தீராத தலைவலி. பல்ஸ்ஜெட்டில் வேண்டி வரவழைக்கும் அதே துடிப்பு, ராக்கெட் இன்ஜினுக்குள் வேண்டாமல் வந்தால் இன்ஜினே நொறுங்கும். நிலவுக்கு மனிதனைக் கொண்டுபோன சாட்டர்ன்-5 ராக்கெட்டின் எஃப்-1 இன்ஜினில் இதை அடக்கவே வருடக்கணக்கில் போராடினார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ஆர்.ஐ.சுஜித் போன்றவர்கள் இன்றைக்கும் ஆராய்வது இதே துடிப்பைத்தான். தகரப் படகில் தொடங்குகிறவர் அங்கே போய்ச் சேரலாம்.

தோளில் சுமக்கிறவரின் காது

கடைசியாக, மறுபடி அந்தச் சாயங்காலத் தெரு.

உலகத்தில் பொழுதுபோக்காக பல்ஸ்ஜெட் ஓட்டுகிறவர்கள் காதில் பஞ்சு வைத்து, அதன்மேல் காதடைப்பானும் மாட்டிக்கொண்டுதான் கிட்டே போவார்கள். சில நிமிடம் ஓட்டுவார்கள். பிறகு அணைத்துவிட்டு வீடியோவைப் போட்டுப் பார்ப்பார்கள். ஆனால் நம் தெருவில் இதே ரக இன்ஜினைத் தோளில் மாட்டிக்கொண்டு, சந்து சந்தாக மணிக்கணக்கில் நடக்கிறவர் கொசு ஒழிப்புப் பணியாளர். அவருடையது அடக்கி ஓட்டும் சின்ன இன்ஜின்தான். ஆனாலும் காதுக்கு ஒரு கை தூரத்தில் துடிக்கிறது. 85 டெசிபலுக்கு மேற்பட்ட சத்தத்தில் தினமும் எட்டு மணி நேரம் இருந்தால் காது கேட்கும் திறன் குறையத் தொடங்கும் என்பது உலகம் ஏற்றுக்கொண்ட கணக்கு. மெஷினோடு வரும் கையேடுகளே காதடைப்பானும் முகக்கவசமும் அணியச் சொல்கின்றன. முகத்தில் ஒரு துண்டு, காதில் ஒன்றுமில்லை என்று ஒருவர் வந்தால், அவருக்கு ஒரு ஜோடி காதடைப்பான் கேட்டு உங்கள் வார்டு கவுன்சிலரிடம் ஒரு வார்த்தை சொல்லலாம். பெரிய செலவில்லை.

பிள்ளைகள் அந்தப் பனிக்குள் ஓடி விளையாடுவதையும் நிறுத்த வேண்டும். அது மேகம் அல்ல, பூச்சிமருந்து. இன்னொன்று, இந்த மருந்து பறக்கிற கொசுவை மட்டுமே கொல்லும். டெங்கு கொசுவின் புழு நம் வீட்டுத் தொட்டியிலும், மொட்டை மாடி டயரிலும், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டிலும் நிம்மதியாக வளரும். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரம் ஒரு தடவை தண்ணீரைக் கொட்டித் தேய்த்துக் கழுவினால், அந்த இன்ஜின் உங்கள் தெருவுக்கு வர வேண்டிய தேவையே குறையும்.

அடுத்த தடவை அயோத்தியாப்பட்டணம் பக்கம் போனால், கோதண்டராமரைச் சேவித்துவிட்டுத் தூண்களை நிதானமாகப் பாருங்கள். திருவிழா நேரமாக இருந்தால் தகரப் படகு தேடிப் பாருங்கள். கிடைத்தால் பேரனுக்கோ பேத்திக்கோ ஒன்று வாங்குங்கள். மழைக்காலமாக இருந்து, தெருக்கோடியில் 'டர்ர்ர்ர்' என்று சத்தம் கேட்டால், சோற்றுப் பானையை மூடிவிட்டு, ஜன்னலுக்கு உள்ளே இருந்தே பிள்ளைகளுக்குக் காட்டிச் சொல்லுங்கள்: "அதோ போகுது பார், அதுதான் ஜெட் இன்ஜின்!"